வேரைத் தேடும் மருத்துவம்

நுழையும்முன்

நோய்க்கு மருந்து தருவது ஒரு கலை. நோயின் வேரை அறிவது அதற்கும் முந்தைய கலை. வேரை அறியாமல் கிளையை வெட்டினால் நோய் மீண்டும் தழைக்கும். மூளையில் தோன்றும் கொடிய புற்றுநோய்க்கட்டி ஒன்று, தான் வாழ்வதற்குத் தேவையான குருதிக்குழல்களைத் தன் செல்களைக் கொண்டே அமைத்துக்கொள்கிறது என்னும் உண்மையை அறிவியல் உலகம் அண்மைக்காலத்தில் அறிந்தது. அவ்வுண்மை எவ்வாறு வெளிப்பட்டது, அது மருத்துவத்திற்கு உணர்த்துவது யாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பாப்பாரப்பட்டி சொல்லும் செய்தி

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி, விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதிக்காலத்தைக் கழித்த ஊர். 1884ஆம் ஆண்டு வத்தலக்குண்டில் பிறந்த அவர், வ.உ.சிதம்பரனாருடன் இணைந்து விடுதலை முழக்கமிட்டு 1908ஆம் ஆண்டு சிறை புகுந்தார். சிறைவாழ்வு அவருக்குத் தொழுநோயைத் தந்தது. அந்நோயைக் காரணம் காட்டி, அவர் தொடர்வண்டியில் பயணம் செய்வதற்கு ஆங்கில அரசு தடை விதித்தது. அவரோ கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊர்தோறும் சென்று மக்களிடம் உரையாற்றினார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார். பாரத மாதாவுக்குக் கோவில் எழுப்ப விரும்பி, 1923ஆம் ஆண்டு சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்டினார். 1925ஆம் ஆண்டு சூலை 23ஆம் நாள் அவ்வூரிலேயே மறைந்தார்.

அவரை வருத்திய நோயின் வரலாறு எண்ணிப்பார்க்கத்தக்கது. தொழுநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியை நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் 1873ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். அப்போது சிவா பிறக்கவேயில்லை. ஆயினும், அந்நுண்ணுயிரியை வெல்லும் முதல் மருந்து நோயாளிகளுக்குத் தரப்பட்டது 1941ஆம் ஆண்டில்தான். அப்போது சிவா மறைந்து பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன. அதன்பின் செங்கல்பட்டை அடுத்த திருமணி தொழுநோய் மருத்துவமனையில் இராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர் டாப்சோன் மருந்தைப் பயன்படுத்தி ஆராய்ந்தார். இன்று தொழுநோய் முற்றிலும் குணப்படுத்தக்கூடிய ஒன்று. தீராத நோய் என்பது பெரும்பாலும் இன்னும் முழுமையாக அறியப்படாத நோயே என்பதைப் பாப்பாரப்பட்டியிலுள்ள சிவாவின் நினைவிடம் நமக்கு உணர்த்துகிறது.

தொழுநோய் அன்று நின்ற இடத்தில் இன்று நிற்கும் நோய்களுள் ஒன்று, கிளையோபிளாஸ்டோமா என்னும் மூளைப்புற்றுநோய்.

மூளைக்குள் ஒரு பகை

மூளையில் நரம்புச்செல்களுக்குத் துணையாக நின்று ஊட்டமும் காப்பும் தருபவை கிளையல் செல்கள். இவ்வகைச் செல்களையோ அவற்றைத் தோற்றுவிக்கும் மூலச்செல்களையோ பிறப்பிடமாகக் கொண்டு வளரும் கட்டிகளுள் மிகக் கொடியது கிளையோபிளாஸ்டோமா. மூளைக்கட்டிகளின் கடுமையை உலக நலவாழ்வு அமைப்பு நான்கு படிநிலைகளாக வகுத்துள்ளது. அவற்றுள் இறுதியான நான்காம் படிநிலையில் இக்கட்டி வைக்கப்பட்டுள்ளது.

உடலின் வேறு உறுப்பில் கட்டி தோன்றினால், அதனைச் சுற்றியுள்ள நலமான பகுதியிலும் சிறிதளவைச் சேர்த்து அறுத்து நீக்க முடியும். மூளையில் அவ்வாறு செய்ய இயலாது. பேச்சு, பார்வை, நினைவு, அசைவு ஆகியவற்றின் இருப்பிடங்கள் அடுத்தடுத்து அமைந்த உறுப்பு அது. மேலும், இக்கட்டியின் செல்கள் தெளிவான எல்லையுடன் நிற்பதில்லை. நலமான திசுவுக்குள் ஊடுருவிப் பரவுகின்றன. ஆகவே, எத்துணைத் திறன்மிக்க மருத்துவர் அறுவை செய்தாலும் சில செல்கள் எஞ்சிவிடுகின்றன.

அறுவை மருத்துவத்திற்குப்பின் கதிர்வீச்சு மட்டும் அளித்தபோது நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதங்கள்; கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடு என்னும் மருந்தையும் சேர்த்தபோது அது 14.6 மாதங்களாக உயர்ந்தது. 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வின் முடிவு இது. இந்த உயர்வு ஏறத்தாழ இரண்டரை மாதங்களே. ஆயினும், இரண்டாண்டுகள் கடந்து வாழ்ந்தோர் நூற்றுக்குப் பத்துப்பேர் என்ற நிலை மாறி, நூற்றுக்கு இருபத்தாறுபேர் என்ற நிலை ஏற்பட்டது. இச்சிறு வெற்றிக்குப் பின்னால் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது.

தெரியுமா?

மனித மூளையின் எடை, உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்கு மட்டுமே. ஆனால், உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது.

குருதியைத் தேடும் கட்டி

எந்தச் செல்லும் ஆக்சிஜனும் உணவும் இன்றி வாழ முடியாது. அவற்றைக் கொண்டுவருவது குருதி. நுண்ணிய குருதிக்குழலிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தொலைவுவரையே ஆக்சிஜன் பரவிச் செல்லும். ஆகவே, குருதிக்குழலின் துணையில்லாத கட்டி ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்குமேல் வளர இயலாது.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971ஆம் ஆண்டு ஒரு கருத்தை முன்வைத்தார். புற்றுநோய்க்கட்டி சில வேதிப்பொருள்களைச் சுரந்து, அருகிலுள்ள குருதிக்குழல்களைத் தன்னை நோக்கிக் கிளைவிடச் செய்கிறது. அக்கிளைப்பைத் தடுத்தால் கட்டி பட்டினியால் மடியும் என்பதே அக்கருத்து. தொடக்கத்தில் அறிவியலாளர் பலர் அதனை ஏற்கவில்லை. 1989ஆம் ஆண்டு நெப்போலியோனே ஃபெராராவும் அவர்தம் குழுவினரும் குருதிக்குழல்களை வளரத் தூண்டும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். குருதிக்குழல் வளர்ச்சிக் காரணி எனப்படும் அப்புரதம், ஃபோக்மனின் கருத்துக்கு வலுவூட்டியது.

வானம் பார்த்த பூமியில் உழவு செய்வோர்க்கு இது எளிதில் விளங்கும். வயலின் ஓரத்தில் முளைத்த களை, அருகில் ஓடும் வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வதாகக் கற்பனை செய்து பாருங்கள். களையை நேரடியாக அழிக்க இயலாதபோது வாய்க்காலை அடைத்துவிடலாம் அல்லவா? நீரின்றிக் களை காய்ந்துவிடும். ஃபோக்மனின் திட்டம் இத்தகையதே.

அடைத்தும் அடங்காத கட்டி

குருதிக்குழல் வளர்ச்சிக் காரணியைப் பற்றிப்பிடித்துச் செயலிழக்கச் செய்யும் மருந்தாக பெவாசிசுமாப் உருவாக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு பெருங்குடல் புற்றுநோய்க்கும், 2009ஆம் ஆண்டு மீண்டும் தலைதூக்கிய கிளையோபிளாஸ்டோமாவுக்கும் அதனைப் பயன்படுத்த அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது. கிளையோபிளாஸ்டோமா குருதிக்குழல்கள் மிக அடர்ந்த கட்டி. எனவே, இம்மருந்து பெரும்பயன் தரும் என்று மருத்துவ உலகம் நம்பியது.

அந்நம்பிக்கையைச் சோதித்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2014ஆம் ஆண்டு வெளியாயின. அவற்றுள் ஒன்றில் பல நாடுகளைச் சேர்ந்த 921 நோயாளிகள் பங்கேற்றனர். வழக்கமான மருத்துவத்துடன் பெவாசிசுமாப் பெற்றவர்களிடம் கட்டி மீண்டும் வளராதிருந்த காலம் 6.2 மாதங்களிலிருந்து 10.6 மாதங்களாக நீண்டது. ஆனால், அவர்களது மொத்த வாழ்நாள் நீளவில்லை. மருந்து பெற்றோர் 16.8 மாதங்களும் பெறாதோர் 16.7 மாதங்களும் வாழ்ந்தனர். அதே ஆண்டில் வெளியான மற்றொரு பெரிய ஆய்வும் வாழ்நாள் கூடவில்லை என்றே தெரிவித்தது.

வாய்க்கால் அடைக்கப்பட்டது, களை சிறிது காலம் வாடியது, பின் மீண்டும் தழைத்தது. அதற்கு நீர் எங்கிருந்து கிடைத்தது? இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி, ஆய்வுக்கூடங்களில் முன்னரே வெளிப்படத் தொடங்கியிருந்தது.

கோரைக்கிழங்கும் குருத்தணுவும்

கோரையின் இயல்பை உழவர் நன்கறிவர். நிலத்தின்மேல் தெரியும் தாளை எத்தனைமுறை செதுக்கினாலும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மீண்டும் முளைவிடும். கிழங்கைத் தோண்டி எடுக்காத களையெடுப்பு வீண்வேலை என்பர். புற்றுநோய்க்கட்டியிலும் இத்தகைய கிழங்கு உண்டா என்னும் தேடல், புற்றுநோய்க் குருத்தணு என்னும் கருத்துக்கு வழிவகுத்தது.

குருத்தணு என்பது தன்னைப்போன்ற செல்லையும் வேறுவகைச் செல்களையும் உருவாக்க வல்ல மூலச்செல். நம் உடலில் குருதி, தோல் முதலியவை நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது இத்தகைய செல்களால்தான். 1990களில் கனடாவைச் சேர்ந்த ஜான் டிக் குழுவினர், குருதிப் புற்றுநோயில் குருத்தணுவின் இயல்புடைய செல்கள் இருப்பதைக் காட்டினர். 2004ஆம் ஆண்டு டொராண்டோ நகரில் பீட்டர் டிர்க்ஸ் குழுவினர், மனித மூளைக்கட்டிகளில் சிடி133 என்னும் அடையாளப் புரதம் கொண்ட செல்களைத் தனியே பிரித்தெடுத்து எலிகளின் மூளையில் செலுத்தினர். அத்தகைய செல்கள் நூறு இருந்தாலே புதிய கட்டி தோன்றியது. அவ்வடையாளம் இல்லாத செல்கள் ஓர் இலட்சம் செலுத்தப்பட்டும் கட்டி தோன்றவில்லை. கட்டியிலுள்ள எல்லாச் செல்களும் ஒரே ஆற்றலுடையவை அல்ல என்பதை இவ்வாய்வு எடுத்துக்காட்டியது.

இக்குருத்தணுக்களுக்கும் குருதிக்குழல்களுக்கும் இடையே நெருங்கிய உறவு இருப்பதும் விரைவில் தெரியவந்தது. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குருத்தணு இயல்புடைய செல்கள் மற்றக் கட்டிச்செல்களைவிடப் பன்மடங்கு மிகுதியாகக் குருதிக்குழல் வளர்ச்சிக் காரணியைச் சுரப்பதைக் கண்டனர். 2007ஆம் ஆண்டு, இக்குருத்தணுக்கள் குருதிக்குழல்களை ஒட்டியே வாழ்கின்றன என்பதும், அக்குழல்களின் உட்படலச் செல்களே அவற்றைப் பேணுகின்றன என்பதும் கண்டறியப்பட்டன. குருத்தணு குழலை வளர்க்கிறது. குழல் குருத்தணுவைக் காக்கிறது.

கட்டியே குழலாகும் விந்தை

2010ஆம் ஆண்டு இறுதியில் 'நேச்சர்' ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. ஒன்று இத்தாலி நாட்டு உரோமையிலும் மற்றொன்று நியூயார்க்கிலும் நிகழ்ந்த ஆய்வுகளின் விளைவு. கிளையோபிளாஸ்டோமாவின் குருத்தணுக்கள் குருதிக்குழல்களைத் தூண்டுவதோடு நிற்பதில்லை; அவையே உட்படலச் செல்களாக மாறிக் குருதிக்குழலின் சுவராகவும் அமைகின்றன என்று இரண்டும் தெரிவித்தன.

இதனை எவ்வாறு அறிந்தனர்? மந்தைகள் கலந்துவிட்டாலும், காதில் இட்ட வெட்டுக்குறியைக் கொண்டு ஆயர்கள் தம் ஆடுகளை இனங்காண்பர். அதுபோன்றே ஆய்வாளர்களுக்கும் ஓர் அடையாளம் உதவியது. புற்றுநோய்ச் செல்களின் மரபுப்பொருளில் நலமான செல்களில் காணப்படாத பிழைகள் இருக்கும். சில குரோமோசோம்கள் எண்ணிக்கையில் மிகுந்தோ குறைந்தோ காணப்படும்; சில மரபணுக்கள் பலபடிகளாகப் பெருகியிருக்கும். நோயாளிகளின் கட்டியிலிருந்த குருதிக்குழல்களின் உட்படலச் செல்களை ஆராய்ந்தபோது, அதே பிழைகள் அவற்றிலும் இருந்தன. நலமான உடலிலிருந்து கிளைத்து வந்த குழல் என்றால் அப்பிழைகள் அங்கு இருக்கமாட்டா. உரோமை ஆய்வாளர்கள் ஆராய்ந்த கட்டிகளில் உட்படலச் செல்களுள் நூற்றுக்கு 20 முதல் 90 வரை இத்தகைய குறியைக் கொண்டிருந்தன.

மனிதக் குருத்தணுக்களை எலிகளிடம் செலுத்தி அவர்கள் மேலும் ஒரு சோதனை செய்தனர். எலியின் உடலில் வளர்ந்த கட்டிக்குள் மனிதச் செல்களால் ஆன குருதிக்குழல்கள் காணப்பட்டன. அவ்வாறு உருவான உட்படலச் செல்களை மட்டும் தேர்ந்து அழித்தபோது கட்டி சுருங்கிச் சிதைந்தது.

நியூயார்க் ஆய்வாளர்கள் கண்ட மற்றோர் உண்மை, மருத்துவத்தோடு நேரடித் தொடர்புடையது. குருத்தணு, உட்படலச் செல்லாக இரண்டு படிகளில் மாறுகிறது. முதற்படியில் அது உட்படலத்தின் முன்னோடிச் செல்லாகிறது. இரண்டாம் படியில் முதிர்ந்த உட்படலச் செல்லாகிறது. குருதிக்குழல் வளர்ச்சிக் காரணியைத் தடுத்தால் இரண்டாம் படி மட்டுமே தடைப்படுகிறது. முதற்படி தடையின்றி நிகழ்கிறது. 2011ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலுள்ள சால்க் நிறுவன ஆய்வாளர்கள் எலிகளிடம் செய்த சோதனையும் இதனோடு ஒத்திருந்தது. ஆக்சிஜன் குறையும்போதே இம்மாற்றம் தூண்டப்படுகிறது என அவர்கள் தெரிவித்தனர். குருதியோட்டத்தைக் குறைக்கத் தரப்படும் மருந்து, கட்டிக்குள் ஆக்சிஜனையும் குறைக்கக்கூடும். அக்குறைவே கட்டி வேறுவழி தேடக் காரணமாகவும் அமையக்கூடும்.

வாய்க்காலை அடைத்த பின்னும் களை தழைத்ததன் பொருள் இப்போது விளங்கும். களை தனக்கெனக் கிணறு வெட்டிக்கொண்டது.

ஐயமும் தெளிவும்

ஒரு கண்டுபிடிப்பு வெளியானவுடன் அதனை ஐயுற்று மீண்டும் சோதிப்பது அறிவியலின் அறம். கட்டியிலிருந்து தோன்றிய உட்படலச் செல்கள் மிக அரிதாகவே காணப்படுகின்றன என்று பின்வந்த ஆய்வுகள் சில தெரிவித்தன. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வுக்குழுவினர் மற்றொரு விளக்கத்தை முன்வைத்தனர். நுண்குழலின் உட்புறம் உட்படலச் செல்களால் ஆனது. அதன் வெளிப்புறத்தைத் தழுவித் தாங்கி நிற்பவை பெரிசைட் என்னும் செல்கள். கிளையோபிளாஸ்டோமாவின் குருத்தணுக்கள் பெரும்பாலும் உட்படலச் செல்களாக மாறுவதில்லை. இத்தாங்கு செல்களாகவே மாறுகின்றன என்பது அவர்களது முடிவு. எலிகளில் அத்தாங்கு செல்களை அழித்தபோது குழல்கள் குலைந்து கட்டியின் வளர்ச்சி தடைப்பட்டது.

உட்படலமாக மாறுவது எவ்வளவு, தாங்கு செல்லாக மாறுவது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், குருத்தணுக்கள் குருதிக்குழலின் அமைப்பில் தாமே பங்குகொள்கின்றன என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

குருதியிலுள்ள பல பொருள்கள் மூளைக்குள் புகாதவாறு காக்கும் இயற்கை அரணுக்குக் குருதி–மூளைத் தடுப்பு என்று பெயர். மூளையைக் காக்கும் இவ்வரண், மருந்தையும் தடுத்துவிடுகிறது. கட்டியிலுள்ள குழல்களைச் சூழ்ந்த பெரிசைட்டுகளும் மருந்து உட்செல்வதைத் தடுக்கின்றன. குருத்தணுவிலிருந்து தோன்றிய பெரிசைட்டுகளைக் குருதிப் புற்றுநோய்க்குரிய இப்ருடினிப் என்னும் மருந்தால் தாக்கியபோது, வேதி மருந்துகள் கட்டிக்குள் எளிதில் சென்றன என்று 2017ஆம் ஆண்டு வெளியான எலி ஆய்வு தெரிவிக்கிறது.

நம் மண்ணின் பங்கு

மூளை நோய்களுக்கான அறுவை மருத்துவத்தில் தமிழகத்திற்கு நீண்ட மரபு உண்டு. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவத் துறை 1949ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் பா.இராமமூர்த்தி அத்துறையை நிறுவினார். மருத்துவர் முத்துலட்சுமியின் அரிய முயற்சியால் 1954ஆம் ஆண்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றியது. மருத்துவர் வி.சாந்தா தம் வாழ்வையே அதற்கு ஒப்படைத்தார்.

பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர் குமரவேல் சோமசுந்தரம் தலைமையிலான ஆய்வுக்கூடம் கிளையோபிளாஸ்டோமாவின் மரபியல் அடிப்படையைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. அந்நகரிலுள்ள தேசிய மனநல நரம்பு அறிவியல் நிறுவன மருத்துவர்களும் அம்முயற்சியில் கைகோத்துள்ளனர்.

தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. பாப்பாரப்பட்டி போன்ற ஊர்களில் வாழ்வோர் நோயின் தொடக்க அறிகுறிகளைப் பொருட்படுத்தி மருத்துவரை நாடுவது முதற்கடமை. நாள்தோறும் காலையில் மிகும் தலைவலி, காரணமற்ற வாந்தி, முன்பு இல்லாத வலிப்பு, பேச்சிலோ பார்வையிலோ தடுமாற்றம், கை கால்களில் தளர்ச்சி ஆகியவை நீடித்தால் காலந்தாழ்த்தலாகாது. இவை எல்லாம் மூளைக்கட்டியின் அடையாளங்களே என்று அஞ்சவும் வேண்டா. வலிப்பைத் தெய்வக்குற்றம் என்று கருதி ஒளித்து வைப்பது, தொழுநோயாளரை ஊருக்கு வெளியே ஒதுக்கிய பழைய பிழைக்கு ஒப்பாகும்.

வேரறிந்து களைவோம்

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, தணிக்கும் வழியறிந்து பொருந்தச் செய்வதே மருத்துவம் என்னும் கருத்தைத் திருக்குறள் 'மருந்து' அதிகாரத்தில் வலியுறுத்துகிறது. மூளைக்கட்டியின் வரலாறு அதற்குச் சான்றாக விளங்குகிறது. குருதிக்குழலைத் தடுத்தவர்கள் பிழை செய்யவில்லை. அவர்கள் வாய்க்காலைக் கண்டார்கள். கிழங்கை அதன்பின்னரே அறிவியல் கண்டது. குழலைத் தடுப்பதோடு குருத்தணுவையும், அது குழலாக மாறும் வழியையும் ஒருசேரத் தடுக்கவேண்டும் என்னும் தெளிவு இன்று பிறந்துள்ளது. எலிகளில் கிடைத்த வெற்றியை மனிதர்க்கு உரியதாக்கும் பணி இன்னும் முடியவில்லை.

நுண்ணுயிரியைக் கண்டதற்கும் மருந்து கிடைத்ததற்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில் சுப்பிரமணிய சிவா வாழ்ந்து மறைந்தார். கட்டி தானே குழலாகும் உண்மையைக் கண்டதற்கும் அதனை வெல்லும் மருந்துக்கும் இடைப்பட்ட காலத்தில் இன்றைய நோயாளிகள் வாழ்கின்றனர். அவ்விடைவெளியைக் குறைப்பதே ஆய்வின் நோக்கம். இன்று பள்ளிகளில் பயிலும் மாணவருள் சிலர் அப்பணியை நாளை ஏற்பர்.

கலைச்சொல் அறிவோம்

ஸ்டெம் செல் – குருத்தணு
ஆஞ்சியோஜெனிசிஸ் – குருதிக்குழல் ஆக்கம்
எண்டோதீலியல் செல் – உட்படலச் செல்
பெரிசைட் – குழல்தாங்கு செல்
ஹைப்பாக்சியா – ஆக்சிஜன் குறைநிலை

கற்பவை கற்றபின்...

1. உழவுத்தொழிலோடு தொடர்புடைய எடுத்துக்காட்டுகள் இப்பாடத்தில் அறிவியல் கருத்தை விளக்க எவ்வாறு பயன்பட்டுள்ளன? நீங்கள் அறிந்த வேறோர் எடுத்துக்காட்டைக் கொண்டு இக்கருத்தை விளக்குக.
2. "தீராத நோய் என்பது பெரும்பாலும் இன்னும் முழுமையாக அறியப்படாத நோயே" – இக்கருத்தைத் தொழுநோயின் வரலாற்றோடு பொருத்தி வகுப்பறையில் உரையாடுக.
3. கட்டியின் குருதிக்குழல்கள் கட்டியிலிருந்தே தோன்றின என்பதை ஆய்வாளர்கள் உறுதிசெய்த முறையை ஒரு பக்க அளவில் எழுதுக.
4. நோயாளிகளிடம் சமூகம் நடந்துகொள்ள வேண்டிய முறை குறித்துச் சுவரொட்டி ஒன்றை உருவாக்கிப் பள்ளியில் காட்சிப்படுத்துக.